வீட்டுக் கேரமும் உலகக் கோப்பையும்

கர்லிங் என்ற விளையாட்டைக் குளிர்கால ஒலிம்பிக்கின்போது தொலைக்காட்சியில் சிலர் பார்த்திருக்கலாம். ஏறக்குறைய 20 கிலோ எடையுள்ள வழவழப்பான கல்லைப் பனித்தரையில் சறுக்கவிட்டு, தூரத்தில் வரைந்துள்ள வட்டத்தின் நடுவே நிறுத்த வேண்டும். எதிரணியின் கல் அங்கிருந்தால் இடித்துத் தள்ளலாம். பலத்தைவிடக் கணக்கும் கைநிதானமுமே இதில் முக்கியம். 1998 முதல் பெண்களும் இதில் ஒலிம்பிக் பதக்கம் பெற்று வருகின்றனர்.

காரைக்குடி, கோவிலூர் வெயிலில் பனித்தரைக்கு எங்கே போவது? ஆனால் அதே கணக்கும் கைநிதானமும் கேட்கும் ஒரு விளையாட்டு நம் வீடுகளிலேயே இருக்கிறது. அதுதான் கேரம். பனித்தரையைத் துடைப்பத்தால் தேய்த்து அவர்கள் கல்லின் ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். நாம் பலகையில் பவுடர் தூவுகிறோம்.

சென்னை புதுவண்ணாரப்பேட்டையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது. அதற்கு முன்பே, 2008இல், வியாசர்பாடியைச் சேர்ந்த இளவழகி உலகச் சாம்பியன் ஆகியிருந்தார். இருவரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் அல்லர்.

வீட்டு ஆட்டத்துக்கும் போட்டிக்கும் என்ன வித்தியாசம்? வீட்டில் வெள்ளைக்கு 20, கருப்புக்கு 10, சிவப்புக்கு 50 என்று எண்ணுகிறோம். போட்டியில் ஒருவருக்கு வெள்ளை, மற்றவருக்குக் கருப்பு. ஆளுக்கு 9 காய்கள். தன் காய்களை முதலில் முடிப்பவருக்கு, எதிராளியின் மிச்சக் காய் ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. சிவப்பை ஃபாலோவோடு எடுத்திருந்தால் கூடுதலாக 3 புள்ளி. 25 புள்ளி அல்லது 8 போர்டு, எது முந்துகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். மூன்றில் இரண்டு கேம் வென்றவருக்கே வெற்றி. உட்கார்ந்த நாற்காலியை நகர்த்தவும் கூடாது. இந்த முறையில் தினமும் பழகினால்தான் போட்டிக்குக் கை பழகும்.

நம் பெண்பிள்ளைகள் பலர் நன்றாகவே ஆடுகிறார்கள். ஆனால் வயதுக்கு வந்ததும் பலகை பரணுக்குப் போய்விடுகிறது. தம்பி மட்டும் தெருமுனையில் ஆடிக்கொண்டிருப்பான். பெற்றோரின் தயக்கம் நமக்குப் புரியாததல்ல. எங்கே போவாள், யாரோடு போவாள், என்ன உடுத்துவாள், தொழுகையும் படிப்பும் என்னாகும் என்ற கவலைகள் நியாயமானவை. ஆனால் கேரம் உட்கார்ந்து ஆடும் ஆட்டம். உடலை மறைக்கும் உடை இதற்குத் தடையில்லை. வெளியூர்ப் போட்டிக்கு வாப்பாவோ அண்ணனோ உடன் போகலாம். பணம் கட்டி ஆடினால்தான் அது சூதாட்டம். அதை யாருக்கும் அனுமதிக்க வேண்டாம்.

மகளுக்குத் திறமை தெரிந்தால் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் கேளுங்கள், மாவட்ட கேரம் சங்கத்தை விசாரியுங்கள். எல்லாரும் உலகக் கோப்பைக்குப் போகப் போவதில்லை. ஆனால் பலகையைப் பரணில் ஏற்றுவதற்கு முன், அவள் எதுவரை போக முடியும் என்று ஒருமுறை பார்த்துவிடலாமே!