நின்று கெட்ட ஈ-டைப்

1963 ஜாகுவார் ஈ-டைப் ரோட்ஸ்டர், 3.8 லிட்டர், இடப்பக்க ஸ்டீயரிங், செக்கச் சிவப்பு. விளம்பரத்தில் அதோடு விட்டிருக்கலாம். 'தனியார் சேகரிப்பிலிருந்து, பல ஆண்டுகள் ஓட்டாமல் பத்திரமாக வைத்திருந்தது' என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். வாங்க நினைத்த டாக்டர் தம்பிக்கு அந்த வரியில்தான் ஆசை பிறந்தது. எனக்கு அதில்தான் பயம்.

கோவையில் டிங்கரிங் பழகிவிட்டு, இங்கிலாந்தில் கவென்ட்ரிப் பக்கம் வந்து ஒதுங்கியவன் நான். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் துணைக்கு என்னையும் அழைத்துப் போவார்கள். ஈ-டைப் பிறந்ததும் இதே ஊரில்தான், பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில்.

1961 மார்ச்சில் ஜெனீவாவில் முதன்முதலாகக் காட்டினார்கள். ஓட்டிப் பார்க்க வந்த கூட்டத்துக்கு ஒரு கார் போதவில்லை. முதலாளி வில்லியம் லயன்ஸ் ஊருக்குத் தகவல் சொல்ல, சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ் ஒரு ரோட்ஸ்டரை எடுத்துக்கொண்டு இரவோடு இரவாகக் கவென்ட்ரியிலிருந்து ஜெனீவா போய்ச் சேர்ந்தார். உடலை வரைந்த மால்கம் சேயர் விமானத் துறையிலிருந்து வந்தவர். காற்று எப்படி வழுக்கிப் போகும் என்று கணக்குப் போட்டு வரைந்தவர். விலை சுமார் 2,100 பவுண்டு. அன்றைய ஆஸ்டன் மார்ட்டினுக்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் என்றார்கள். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த வண்டி பார்த்துப் பார்த்துத் தயார் செய்தது; கடையில் வாங்கியவன் அந்த வேகத்தைத் தொட்டிருப்பான் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

1974 வரை எழுபதாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. இந்த வண்டியும் அங்கே போய்த் திரும்பியதுதான்.

முதலில் நம்பர். இடப்பக்க ஸ்டீயரிங் வைத்த 3.8 ரோட்ஸ்டரின் சேசிஸ் நம்பர் வரிசை 875001-இல் தொடங்கும். கூரை வைத்த கூபேயின் வரிசை 885001-இல். ரோட்ஸ்டருக்கு விலை அதிகம் என்பதால் கூபேயின் கூரையை அறுத்து ரோட்ஸ்டராக்கியவர்கள் உண்டு. நம்பர் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். ஜாகுவார் டெய்ம்லர் ஹெரிடேஜ் டிரஸ்ட் தரும் சான்றிதழில் சேசிஸ், இன்ஜின் நம்பர்கள், முதல் நிறம், எந்தத் தேதியில் தொழிற்சாலையை விட்டுப் போனது என்பதெல்லாம் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் பானட்டைத் திறக்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. சேசிஸ் நம்பரைக் குத்தியிருப்பது வண்டியின் முன்பக்கச் சட்டத்தில். இன்ஜினையும் முன்சக்கரங்களையும் தாங்கும் அந்தக் குழாய்ச் சட்டம் போல்ட் போட்டு முடுக்கியது. உள்ளிருந்து துருப்பிடிக்கும், அடிபட்டால் வளையும். மாற்றினால் நம்பரைப் புதிதாகக் குத்த வேண்டும். ஆக, நம்பர் புதிதாகத் தெரிந்தாலே திருட்டு என்று முடிவு கட்டக் கூடாது. நாங்கள் பார்த்த வண்டியில் சட்டம் மாற்றியதற்கு அமெரிக்கப் பட்டறையின் பில் இருந்தது. இன்ஜின் நம்பரும் சான்றிதழோடு பொருந்தியது. தம்பிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அடுத்தது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம். கூரையில்லாத வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு. பெயின்ட் கீறாமல் இருக்கத் துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பார்த்தேன். இரும்பு இருந்த இடமெல்லாம் கவ்வியது. பட்டி வைத்துத் தேய்த்த இடம் அகப்படவில்லை. ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடினேன். சட்டம் இற்றுப்போயிருந்தால் வண்டி நடுவில் தொய்ந்து கதவு இடிக்கும். இதில் இடிக்கவில்லை. தகரம் நல்ல தகரம்.

கெட்டிருந்தது எல்லாம் நின்று கெட்டது. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; வருடக்கணக்கில் மாற்றாமல் விட்டால் சிலிண்டருக்குள் துரு பிடித்து பிஸ்டன் இறுகிவிடும். ஈ-டைப்பில் பின் பிரேக் சக்கரத்தோடு இருக்காது, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கும். ஒழுங்காக வேலை பார்க்கப் பெரும்பாலும் பின் சஸ்பென்ஷனையே கூண்டோடு கீழே இறக்க வேண்டிவரும். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினேன், முக்கியது. டயரில் பூ தேயவேயில்லை, ஆனால் பக்கவாட்டில் 2206 என்று இருந்தது. 2006ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பார்வைக்குப் புதுசு, ரப்பர் கிழடு. டாங்கில் பெட்ரோல் வார்னிஷ் வாசம் அடித்தது. அது மூன்று கார்புரேட்டரிலும் போய்ப் பிசினாகப் படிந்திருக்கும்.

இங்கே 40 வயது தாண்டிய பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை. கூடத்தில் பூட்டி வைத்தால் கேட்க ஆளில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று: நாங்கள் போய் இறங்கும்போதே இன்ஜின் சூடாக இருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வரும் புகை, ஆயில் பிரஷர் முள் ஏற எடுக்கும் நேரம், டைமிங் செயினின் சலசலப்பு, இவற்றைத்தான் நான் பார்க்கப் போனேன். சூடான இன்ஜின் இதில் பாதியை மறைத்துவிடும். விற்கிறவர் நல்ல எண்ணத்தில்கூடச் செய்திருக்கலாம்.

"அண்ணே, கலர் கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றார் தம்பி, திரும்பும் வழியில்.

"கலர் நான் அடிச்சுத் தர்றேன் தம்பி. இந்த பிரேக்கை வெச்சுக்கிட்டு வீடு வந்து சேர முடியாது."

பிரேக், டயர், டாங்க், கார்புரேட்டர், ரப்பர் சாமான்கள் என்று செலவைக் கூட்டி, விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னோம். சேகரிப்பு வண்டிக்கு அப்படிக் குறைப்பதில்லை என்று பதில் வந்தது. அந்தத் தொகைக்கு வாங்க யாராவது வரத்தான் செய்வார்கள். ஓட்டாமல் வைத்திருக்கப் போகிறவர்களுக்கு அது நஷ்டமும் இல்லை.

தம்பிக்கு இப்போது வேறொன்று பார்த்திருக்கிறேன். 4.2 லிட்டர் வண்டி. அதில் கியரும் பிரேக்கும் சீட்டும் மேல். பானட் முழுக்கக் கல் தெறித்த வடு, சீட் தோலில் விரிசல். சொந்தக்காரர் வாரக் கடைசியில் ஓட்டுகிறவர், பில் ஃபைல் தடியாக வைத்திருக்கிறார். சனிக்கிழமை போகிறோம். முந்தின இரவிலிருந்து சாவியைத் தொட வேண்டாம் என்று அவரிடம் சொல்லியாகிவிட்டது.