‘பூட்’டில் இடமில்லை

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் குடியிருந்தபோது, எதிர் பிளாட் மாமா ஒருநாள் லேப்டாப்பும் கையுமாக வந்தார். “500 ஜிபி டிஸ்க், முக்கால்வாசி காலி. அப்டேட் போட்டா இடமில்லைங்கறது. என்ன அநியாயம்?”

உபுண்டு லினக்ஸ் நிறுவும்போது டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்திருந்தார். அப்படிச் செய்தால் கெர்னலுக்கென்று பூட்டப்படாத தனி ‘பூட்’ பகுதி ஒன்று ஒதுக்கப்படும். அவருடையது அரை ஜிபி. நிறைந்தது அதுதான்.

ஹார்டுவேருக்கும் நம் மென்பொருளுக்கும் நடுவே நிற்பது கெர்னல். புதியது வந்தால் பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே உட்காரும். துணைக்கோப்புகளோடு சேர்த்து ஒவ்வொன்றும் சுமார் 100 எம்பி. (இதே ஊரில், பராநகரிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் 1956இல் இயங்கத் தொடங்கிய ஹெச்இசி-2எம் கணினியின் டிரம் நினைவகம் 1024 சொற்கள்; இன்றைய கணக்கில் 4 கேபி. மாமாவின் ஒரு கெர்னலுக்கு அப்படிச் சுமார் 25,000 டிரம் வேண்டும்.)

பழையது வீண் சுமையல்ல. புதிய கெர்னலில் வைஃபை படுத்துவிடலாம், திரை கறுத்துவிடலாம். அப்போது கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம்.

உபுண்டுவில் மென்பொருளை நிறுவுவதும் நீக்குவதும் ஆப்ட். அதன் ‘ஆப்ட் ஆட்டோரிமூவ்’ என்ற கட்டளை இதை அறிந்தே கூட்டிப் பெருக்கும். கடைசியாக வந்தது, அதற்கு முந்தையது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது: இவற்றைத் தொடாது. ஓடும் கெர்னலை அழித்தால் கணினி உடனே நின்றுவிடாது. அது நினைவகத்தில் இருக்கிறது. ஆனால் சாதனங்களை இயக்கும் அதன் மாட்யூல்கள் டிஸ்க்கில் இருப்பவை. பிறகு ஏதாவது சாதனத்தைச் செருகினால், அதற்கான மாட்யூலைத் தேடி ஏமாந்து நிற்கும். ஃபெடோரா லினக்ஸில் கணக்கு இன்னும் எளிது: மூன்று மட்டும், நாலாவது வந்தால் மிகப் பழையது வெளியே.

மாமா விஷயத்தில் துடைப்பமே மாட்டிக்கொண்டிருந்தது. புதிய கெர்னல் பாதி நிறுவலில் தொங்கியது. முதலில் அதை முடி என்றது ஆப்ட், முடிக்க இடமில்லை. ‘யூநேம் -ஆர்’ அடித்து, ஓடுவது எதுவென்று பார்த்துக்கொண்டு, மிகப் பழைய இரண்டைக் கையால் நீக்கினேன். ஆப்ட்டை மறுபடி ஓட்டியதும் தொங்கியது முடிந்தது.

அதுவரை பழையவை தானாக ஏன் நீங்கவில்லை? கெர்னல்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மாமாவே நிறுவியிருந்தார். கேட்டு வாங்கியதை ஆப்ட் தன்னிச்சையாகத் தூக்காது. ‘மேனுவல்’ என்றிருந்த குறிகளை ‘ஆட்டோ’ ஆக்கிக் கொடுத்தேன்.