பெர்த் காலியாக இருந்தால் என்ன தப்பு?

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் இழுத்துக்கொண்டு போனால், ஏற்றுமதியாளர் முதலில் கேட்பது "கட்-ஆஃப் எப்போ?" என்றுதான். கன்டெய்னர் தூத்துக்குடி துறைமுகத்துக்குள் வந்து சேர வேண்டிய கடைசி நேரம் அது. அங்கிருந்து ஃபீடர் எனப்படும் சிறு கப்பல் ஒரு நாளுக்குள் கொழும்பு போய்விடும். ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போகும் தாய்க்கப்பலில் பெட்டி ஏறுவது அங்கேதான். ஃபீடர் சில மணி நேரம் பிந்தித் தாய்க்கப்பலைத் தவறவிட்டால், போவது சில மணி நேரமல்ல. இத்தகைய சேவைகள் பெரும்பாலும் வாரத்துக்கு ஒன்று. சீசன் துணி என்றால் பையர் காத்திருக்க மாட்டார். விமானத்தில் அனுப்பச் சொல்வார். அந்தச் செலவு ஏற்றுமதியாளர் தலையில் விழுந்தால் லாபம் அதோடு சரி.

இப்படிப்பட்ட தாமதங்களை நாட்டுக் கணக்காகப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஜான்கோவ், ஃபிராய்ண்ட், ஃபாம் ஆகிய பொருளாதார அறிஞர்கள் மூவர் 98 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று உண்டு. கப்பலேறும் முன் சரக்கு ஒரு நாள் கூடுதலாகத் தேங்கினால் வர்த்தகம் 1 சதவீதத்துக்கு மேல் குறைகிறது என்கிறது அது. தன் வாடிக்கையாளர்களைவிட்டு அந்த நாடு சராசரியாக 70 கிலோமீட்டர் தள்ளிப்போவதற்குச் சமமாம். வளரும் நாடுகளுக்கு அடி இன்னும் பலம்.

பெட்டி எங்கே தேங்குகிறது? எல்லோர் கண்ணும் போவது கிரேன் மேல். ஒரு கப்பலில் 3,000 பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும், நான்கு கிரேன்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மணிக்கு 25 பெட்டி தூக்கினால் 30 மணி நேரம். 30 பெட்டி தூக்கினால் 25 மணி நேரம். மிச்சமாகும் ஐந்து மணி நேரத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பிந்திய கப்பல் அட்டவணையைப் பிடிக்க வேகமெடுக்கும். அதன் எரிபொருள் செலவோ ஏறத்தாழ வேகத்தின் மும்மடியாக ஏறும். வேகம் 10 சதவீதம் கூடினால் ஒரு நாளைய எரிபொருள் சுமார் 33 சதவீதம் கூடுகிறது.

ஆனால் கிரேனைவிடக் கவனிக்க வேண்டியது வரிசை. கப்பல்கள் முன்பின்னாக வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் வேறு. பெர்த் (கப்பலைக் கட்டிச் சரக்கு ஏற்றி இறக்கும் இடம்) ஒன்றே உள்ள துறைமுகத்துக்கு வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரத்தைப் போட்டால், பெர்த் பாதி நேரம் வேலையில் இருக்கும்போது கப்பல் சராசரியாகக் காத்திருப்பது, ஒரு கப்பலுக்கு வேலை முடிய ஆகும் நேரம் அளவுக்கு. பெர்த் 90 சதவீத நேரம் வேலையில் இருந்தால் அது ஒன்பது மடங்கு. பெர்த்துகள் கூடினால் எண் குறையும். கடைசியில் செங்குத்தாக ஏறும் வளைவு மட்டும் மாறாது. "முழுக் கொள்ளளவில் இயங்குகிறது" என்று ஒரு துறைமுகத்தைப் பாராட்டும் செய்திகளை அதனால்தான் என்னால் ரசிக்க முடிவதில்லை. கொஞ்சம் சும்மா கிடக்கும் பெர்த்துதான் அடுத்த கப்பலை உடனே வாங்கிக்கொள்ளும்.

பெட்டிகளை அடுக்கி வைக்கும் யார்டிலும் இதே கதைதான். ஐந்தடுக்கில் கீழே கிடக்கும் பெட்டி வேண்டுமென்றால் மேலே உள்ள நான்கையும் எடுத்து வேறிடத்தில் வைக்க வேண்டும்; யார்டு நிரம்பியிருந்தால் வைக்கவும் இடம் இருக்காது. கொரோனா காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்களுக்காகக் காத்திருந்த கப்பல்கள் நூறைத் தாண்டின. இறக்கிய பெட்டிகளை வெளியே கொண்டுபோக லாரியும் கிடங்கில் இடமும் போதாமல்போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

சென்னைக்கு இது புதிதல்ல. எண்ணூர் சாலையில் டிரெய்லர்கள் துறைமுக வாசலை நோக்கி மணிக்கணக்கில் நின்ற காலம் உண்டு. துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009இல் ஓர் அடிக்கல், 2022இல் மறுபடி ஓர் அடிக்கல். அந்த இடைவெளியில் சென்னைப் பெட்டிகளில் ஒரு பகுதி வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போய்விட்டது.