டிராக்டர் கிளம்பவில்லையா? பதறாமல் பாருங்கள்

நாஞ்சில் நாட்டு வயல்கள் இருபூ விளைபவை. கன்னி மாதத்தில் அறுவடையாவது கன்னிப்பூ. கும்ப மாதத்தில் அறுவடையாவது கும்பப்பூ. முதற்பூவை அறுத்து மறுபூவுக்கு நிலத்தைப் பண்படுத்த உழவனுக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சில. வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் தொளி உழவு முடிந்து, நாற்று வேர் பிடித்தாக வேண்டும். பூதப்பாண்டியைச் சுற்றிப் பழையாற்று நீர் பாயும் வயல்களில் ஒரு காலத்தில் ஏர் மாடுகள் செய்த இவ்வேலையை இன்று டிராக்டர் செய்கின்றது. தந்தை வாங்கி மகன் ஓட்டும் பழைய வண்டிகளும் அவற்றில் உண்டு. உழவு நாளன்று காலையில் அவ்வண்டி கிளம்ப மறுத்தால், ஒரு வீட்டின் வேலை மட்டுமன்று, வாடகைக்குச் சொல்லி வைத்திருக்கும் பல வீடுகளின் வேலையும் நின்றுபோகின்றது.

அந்தப் பதற்றத்தில் பணம் வீணாவதுண்டு. உயிர் போவதும் உண்டு. ஆகவே இதனை ஒழுங்காக எண்ணிப் பார்ப்பது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என நம்புகின்றோம்.

தீப்பொறி இல்லாத எஞ்சின்

வண்டி நின்றதும் “பிளக் போயிருக்கும்” என்று சொல்வோர் உளர். பெட்ரோல் எஞ்சினுக்கே அது பொருந்தும். 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கவெண்ட்ரி நகரில் உருவான சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர்களில் பெரும்பாலானவை பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ ஓடியவை. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4-ஆம் நாள் தென் துருவத்தை அடைந்தது அத்தகைய வண்டிகளில்தான். அவற்றில் பிளக்கின் பொறிதான் எரிபொருளைப் பற்றவைக்கும்.

நம் வயல்களில் உழும் டிராக்டர்களோ டீசலில் ஓடுபவை. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முறை இது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சூடாவதை அனைவரும் அறிவோம். அதைப்போல, சிலிண்டரில் காற்று ஏறத்தாழ 16 முதல் 20 மடங்கு வரை சுருக்கப்பட்டு, 500 டிகிரிக்கு மேல் சூடேறுகின்றது. அதில் தூவப்படும் டீசல் தானே தீப்பற்றுகின்றது. ஆகவே இதற்கு வேண்டியவை இரண்டே: எஞ்சின் விரைந்து சுழலவேண்டும், காற்றும் நீரும் கலவாத டீசல் உள்ளே போய்ச் சேரவேண்டும்.

மூன்று வித மறுப்பு

சாவியைத் திருப்பியும் சிறு ஓசைகூட எழவில்லையெனில், முகப்பு விளக்கைப் போட்டுப் பாருங்கள். விளக்கே எரியாவிடில் பேட்டரியையும் அதன் இணைப்பையும் ஐயுற வேண்டும். விளக்கு பிரகாசமாக எரிந்தால் குறை சாவி சுவிட்சிலோ, பியூஸிலோ, செல்ப் மோட்டாருக்குச் செல்லும் கம்பியிலோ இருக்கலாம். சில வண்டிகளில் கியர் நியூட்ரலில் இல்லாவிடினும், கிளட்ச் மிதிக்கப்படாவிடினும் மின்சாரம் செல்லாது.

“டிக்” என்ற ஓசை மட்டும் கேட்டு விளக்கு மங்குமானால், புதுப் பேட்டரி வாங்க ஓடாதீர்கள். முதலில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தால் எர்த் கம்பியை முதலில் கழற்றி, ஆப்பசோடா கலந்த வெந்நீரால் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டி, வாசலின் தடவுங்கள். சோடா நீர் பேட்டரிக்குள் இறங்கலாகாது. மாட்டும்போது எர்த் கம்பி கடைசியில் வரவேண்டும். அக்கம்பி வண்டியின் உடலோடு சேரும் இடம் சேற்றிலும் நீரிலும் துருப்பிடிப்பதால், அங்கும் சுரண்டித் துடையுங்கள். முழுமையாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும், 12.4-க்குக் குறைந்தால் சார்ஜ் செய்யவேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையெனில் புகைக்குழலைக் கவனியுங்கள். புகையே வராவிடில் டீசல் போய்ச் சேரவில்லை. நிறுத்தும் கம்பி இழுத்தபடியே இருக்கின்றதா, டாங்க்கில் டீசல் உண்டா, அதன் குழாய் திறந்துள்ளதா, பில்டர் அடைத்துள்ளதா என வரிசையாகப் பாருங்கள். டீசல் முற்றிலும் தீர்ந்து மறுபடி ஊற்றிய வண்டியில் காற்றுப் பிடித்திருக்கும். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை விட்டபின் இறுக்க வேண்டும். பிறகு பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்யவேண்டும். வெள்ளைப் புகை வந்தும் பற்றவில்லையெனில், டீசல் போகின்றது, சூடு போதவில்லை என்பது பொருள். அப்போது மெக்கானிக்கை அழைப்பதே முறை.

செய்யத் தகாதவை

செல்ப் மோட்டாரை ஒரே மூச்சில் 10, 15 விநாடிகளுக்கு மேல் ஓட்டாதீர்கள். இடையே ஒரு நிமிடமேனும் ஆறவிடுங்கள். பேட்டரியின் அருகே பீடி, தீக்குச்சி வேண்டாம். அதிலிருந்து எழும் வாயு வெடிக்கக் கூடியது. இஞ்செக்டரிலிருந்து பீறிடும் டீசலின் முன் கை நீட்டாதீர்கள். அது தோலைத் துளைத்து உள்ளே செல்லும்.

இவை எல்லாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. சாவி வேலை செய்யாதபோது, தரையில் நின்றபடியே திருப்புளியால் செல்ப் மோட்டாரின் இரு முனைகளையும் சேர்த்து வண்டியைக் கிளப்புவது. அவ்வாறு செய்கையில் நியூட்ரல் சுவிட்சின் பாதுகாப்பு பயனற்றுப்போகின்றது. கியர் விழுந்திருந்தால் வண்டி உடனே நகரும். நிற்பவரோ பெரிய சக்கரத்தின் முன் நிற்கின்றார். விலகுவதற்கு நேரம் இராது. ஒருநாள் உழவு தாமதித்தால் மறுநாள் உழலாம். குடும்பத் தலைவனை இழந்த வீட்டுக்கு மறுநாள் என்ன ஆறுதல்? தாய்மாரே, மனைவியரே, இதனை வீட்டில் உறுதியாகத் தடுத்து நிறுத்துங்கள்.

எளியதை முதலில் பார்ப்பதும், வரிசை தவறாமல் ஆராய்வதும், அவசரத்தில் குறுக்கு வழி தேடாததும் எஞ்சினுக்கு மட்டும் உரியவை அல்ல. ஆன்ம சோதனையின் முறையும் அதுவே. இல்லத்தில் அன்பு ஓடாது நிற்கும்போது, பெரிய குறையைப் பிறரிடம் தேடுமுன், நம் பக்கத்து இணைப்பில் படிந்த அழுக்கைத் துடைத்துப் பார்ப்போம்.

உழவரின் பாதுகாவலரான புனித இசிதோர், 1622 மார்ச் 12 அன்று, கோட்டாற்றுப் பேராலயத்தின் பாதுகாவலராம் புனித சவேரியாரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றவர். அவருடைய திருநாளாகிய மே 15-ஆம் நாளன்றுதான், 2022-இல் நம் மறைசாட்சி தேவசகாயமும் புனிதராக உயர்த்தப்பெற்றார். கன்னிப்பூ உழவுக்கு ஏற்ற காலத்தில் வரும் அந்நாளில் வண்டிகளை மந்திரிக்கக் கொண்டுவரலாம். வருமுன் பேட்டரி முனைகளைத் துடைத்து, பில்டரையும் பார்த்து வாருங்கள். ஆசீர்வாதம் ஆண்டவருடையது, துடைக்கும் துணி நம்முடையது.