வேலைகொள்வோர் ஏடும் வதிவுரிமையும்

ஒரு நாட்டில் நிலைத்து வாழும் உரிமையை அடையும் வழிகள் பல. பிறப்பால் அடைவது ஒன்று. மணத்தால் அடைவது பிறிதொன்று. வேலைகொள்வோர் ஒருவர், “இவர் எம்மிடம் தொழில் புரிகின்றார், எமக்கு இவர் வேண்டும்” என்று அரசுக்கு எழுத, அதன்மேல் அடைவது மற்றொன்று. வெளிநாடுகளிற் கற்கச் செல்லும் மாணவர் பலர் இன்று நாடுவது இம்மூன்றாவது வழியையே. பொகவந்தலாவைத் தோட்டமொன்றில் வளர்ந்து, கடல்கடந்து கற்க எண்ணும் மாணவனுக்கு இவ்வழி புதியதாகத் தோன்றக்கூடும். அவனுடைய முன்னோர் வரலாற்றை நோக்குவார்க்கு அது பழையதே.

தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளருக்கு 1901 முதல் தகரத் துண்டு ஒன்று வழங்கப்பட்டது. அதிற் பொறிக்கப்பட்டிருந்தது அவர் பெயரன்று. தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் ஆளைக் குறிக்கும் எண்ணுமே. ஆளை அறிவதற்கு அவர் எத்தோட்டத்திற்குரியவர் என்பதே அடையாளமாயிற்று. வந்து சேர்ந்தபின் வேறு தோட்டம் செல்ல விரும்பினும் எளிதிற் செல்ல இயலாது. அவர்தம் கடனைக் குறிக்கும் ‘துண்டு’ என்னும் சீட்டிலுள்ள தொகையைப் புதிய தோட்டம் கொடுத்துத் தீர்த்தல் வேண்டும். இம்முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

வதிவு உரிமையாக மாறும் கட்டம் பின்னர் வந்தது. 1931இல் வாக்குரிமை விரிவடைந்தபோது, ஐந்தாண்டு தொடர்ந்து வதிந்தோர் நிலைக்குடியேற்றச் சான்றிதழ் பெற்று வாக்காளராகலாம் என விதிக்கப்பட்டது. ஆயின் அதனைப் பெறுவோர் இந்தியத் தொழிலாளர் என்னும் முறையில் தமக்கிருந்த சிறப்புப் பாதுகாப்புகளைக் கைவிட வேண்டியிருந்தது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரைக் குடியுரிமைக்குப் புறத்தே நிறுத்தியது. மறு ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது. வாயில் குறுகியது. 1946 ஜனவரி முதலாம் நாளுக்கு முன், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இலங்கையில் வதிந்திருத்தல் வேண்டும். அந்நாள் தொட்டு விண்ணப்ப நாள்வரையும் அவ்வாறே வதிந்திருத்தல் வேண்டும். ஒருமுறை பன்னிரண்டு திங்களுக்கு மேல் நாட்டைவிட்டு நீங்கியிருப்பின் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. மனைவியும் இளம்பிள்ளைகளும் வதிந்தமைக்கும் சான்று காட்ட வேண்டியிருந்தது. மகப்பேற்றுக்கோ, முதியோரின் நோய்க்கோ, ஊர்க் கோவில் நேர்த்திக்கோ திருச்சிராப்பள்ளிப் பக்கம் சென்று நெடுநாள் தங்கிய குடும்பம் இதில் இடர்ப்படுவது இயல்பே.

இவற்றுக்கெல்லாம் சான்று எங்கே இருந்தது? கூலிப்பணம் குறித்த செக்ரோல் தோட்ட அலுவலகத்தில் இருந்தது. பிறப்பும் இறப்பும் பதிவாளரை அடைந்தது தோட்டத்துரை அனுப்பிய அறிவிப்பின் வாயிலாகவே. எழுத்தறியாத தொழிலாளியின் பெயர் ஓர் ஏட்டில் ஒருவாறும் மற்றோர் ஏட்டில் வேறொருவாறும் எழுதப்பட்டிருத்தல் அரிதன்று. ராமாயி ஓராண்டில் ராமாயி, மறு ஆண்டில் ராமம்மா. இருவரும் ஒருவரே என்பதை நிறுவுவது அவள் பொறுப்பு. வாழ்ந்தவர் தொழிலாளி, ஏடு வைத்தவர் வேலைகொள்வோர். சட்டம் நோக்கியது ஏட்டையே. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் புறக்கணித்துப் பின்னர் மனம் மாறியதால், விண்ணப்பங்கள் பெரும்பாலும் கால எல்லையின் இறுதியிலேயே குவிந்தன. 1951 ஆகஸ்ட் 5ஆம் நாளுக்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் ஏறத்தாழ 8,24,000 பேருக்காக வந்தன. உரிமை பெற்றவர் ஏறக்குறைய 1,34,000 பேரே.

எஞ்சியோர் நிலை 1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தாலும், 1974ஆம் ஆண்டின் உடன்பாட்டாலும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் படிப்படியாக வரையறுக்கப்பட்டது. இறுதியாக வந்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை அளித்தது. இடையில் ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

இனி, மாணவன் செல்லும் வழியை அவுஸ்திரேலியாவைக் கொண்டு நோக்கலாம். கற்கும் பருவத்தில், பாடநாட்களில் இரு வாரத்திற்கு 48 மணி நேரம் வரையே அவன் வேலை செய்யலாம். பட்டம் பெற்றபின், பட்டதாரிக்குரிய தற்காலிக அனுமதி பெற்றால் எவரிடமும் தடையின்றி வேலை செய்யலாம். இக்கட்டத்தில் அவன் எவருடைய ஏட்டிற்கும் கட்டுப்பட்டவனல்லன். அனுமதி முடியுமுன், அரசின் ஏற்புப் பெற்ற வேலைகொள்வோர் ஒருவர் அவனை முன்மொழிந்தால், நான்காண்டு வரையிலான தொழில் அனுமதி கிட்டும். அதற்குரிய தொழில் பொதுவாக அரசின் பட்டியலில் இருத்தல் வேண்டும். ஓராண்டுத் தொழில் அனுபவமும் வேண்டும். அவ்வனுமதியில் இரண்டாண்டு உழைத்தவனை வேலைகொள்வோர் மீண்டும் முன்மொழிந்தால், அவன் நிலையான வதிவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். வயது பொதுவாக 45க்கு உட்பட்டிருத்தல் வேண்டும். முன்மொழிவு மறுக்கப்படின் அதன்மேல் எழுந்த விண்ணப்பமும் வீழும்.

தகரத் துண்டின் நிழல் இங்கே தெரிகின்றது. எனினும் இரண்டையும் ஒன்றெனக் கூறுவது மிகை. வேலை நீங்கினால் புதிய ஆதரவாளரைத் தேடிக்கொள்ள முன்னர் 60 நாட்களே இருந்தன. 2024 ஜூலை முதல் ஒருமுறைக்கு 180 நாட்கள், அனுமதிக் காலம் முழுவதிலும் 365 நாட்கள் எனக் காலம் நீண்டது. 2024 டிசம்பர் 7 முதல், ஏற்புப் பெற்ற எந்த வேலைகொள்வோரிடம் உழைத்த காலமும் அவ்விரண்டாண்டிற் கணக்கிடப்படுகின்றது. அதற்கு முன் ஒருவரை விட்டு மற்றொருவரிடம் சென்றவன் எண்ணிக்கையை முதலிலிருந்தே தொடங்க நேர்ந்தது. அவ்வச்சமே பலரைக் குறைந்த கூலிக்கும் கடுஞ்சொல்லுக்கும் பணிய வைத்தது எனல் தவறாகாது. முன்மொழிவதற்காகப் பணம் கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பர் முதல் தண்டனைக்குரியவை. “ஆதரவு வாங்கித் தருகிறோம், இவ்வளவு கொடு” என்னும் தரகனுக்கு இணங்கும் மாணவன், தான் ஏமாற்றப்படுவதோடு தன் அனுமதியையும் இழக்க நேரலாம்.

செக்ரோல் தோட்டத்துரையிடம் இருந்தது. சம்பளச் சீட்டு மாணவன் கைக்கே வருகின்றது. ஒவ்வொரு மாதத்துச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரி மதிப்பீடு, ஓய்வூதிய நிதிக் கணக்கு, தொழிற் பெயர் குறித்த நியமனக் கடிதம் ஆகியவற்றை வேலைக்குச் சேர்ந்த நாள் தொட்டே பிரதி எடுத்துத் தன்னிடம் வைத்திருப்பவன், பிறருடைய ஏட்டை நம்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டிலும் பட்டச் சான்றிலும் பெயர் ஓரெழுத்தும் மாறாதிருக்கின்றதா என்பதைப் பொகவந்தலாவையை விட்டுப் புறப்படுமுன்னரே ஒப்பிட்டுக் கொள்ளுதல் நன்று. பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயர் பிழைபட்டிருப்பின் அதனைத் திருத்தக் காலம் செல்லும். அவ்வேலையைக் கடல்கடந்து இருந்துகொண்டு செய்வது இருமடங்கு கடினம்.