காந்தக் கல்லின் உட்கணக்கு

சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடைக்கும் கரிய இரும்புத் தாதுவையும், கோயில் மதிலில் சுண்ணாம்புப் பட்டைகளுக்கு இடையே பூசுகின்ற காவிக்கல்லையும் மெருகிடாத வெண்பீங்கான் ஓடு ஒன்றில் உரசிப் பார்ப்பவருக்கு, முன்னது கன்னங்கரிய கோட்டையும் பின்னது செந்நிறக் கோட்டையும் விட்டுச் செல்வது உடனே புலப்படும். வேற்றுமை நிறத்தோடு நிற்பதில்லை. காவிப் பொடியின் அருகே சாதாரணக் காந்தத்தைக் கொண்டுபோனால் அது பாராமுகமாகக் கிடக்கிறது. மின்சாரத்தையும் ஏறக்குறைய மறுத்துவிடுகிறது. கரிய தாதுவில் உள்ள மாக்னடைட் என்னும் பொருளோ, காந்தத்தைக் கண்டதும் ஓடிவந்து ஒட்டிக்கொள்வதோடு, மின்சாரத்துக்கும் ஓரளவு தாராளமாக வழிவிடுகிறது. அதன் சிற்சில துண்டுகள், என்றோ மின்னல் தாக்குண்ட காரணத்தால் என்பது பலர் கருத்து, தாமே காந்தமாகிவிடுகின்றன. பழங்காலத்து மாலுமிகள் திசையறியப் போற்றிய காந்தக் கல் அதுதான். இவ்வளவு சுபாவ பேதம் கொண்ட இவ்விரண்டிலும் இரும்பையும் பிராணவாயுவையும் தவிர மூன்றாவது மூலகம் ஒன்றுமில்லை என்பதும், காவியில் 2 இரும்பணுவுக்கு 3 பிராணவாயு அணு என்றிருப்பது காந்தக் கல்லில் 3 இரும்புக்கு 4 என்று மாறியிருப்பதே விகிதத்தில் உள்ள வித்தியாசம் என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கவை.

இரும்பு, கோபால்ட், நிக்கல், மாங்கனீஸ், வனேடியம் முதலானவற்றை இடைநிலை உலோகங்கள் என்று வழங்குவர். ஒவ்வோர் எலெக்ட்ரானும் இயல்பாகவே ஒரு நுண்ணிய காந்தமாயினும், பெரும்பாலான பொருள்களில் அவை எதிரெதிர் முகமாக ஜோடி சேர்ந்து ஒன்றின் பலத்தை மற்றொன்று அழித்துவிடுவதால் வெளியே ஏதும் தெரிவதில்லை. இடைநிலை உலோகங்களிலோ உள்ளடுக்கு ஒன்று முழுமையும் நிரம்பாமல் நிற்பதால், ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் எஞ்சிவிடுகின்றன. பிராணவாயுவுக்கு 3 எலெக்ட்ரான்களை ஈந்துவிட்ட இரும்பணுவில் இத்தகையவை 5. இரண்டை மட்டும் ஈந்த அணுவில் 4. காந்தக் கல்லின் மூன்று இரும்பணுக்களில் இரண்டு முதல் வகையைச் சேர்ந்தவை, ஒன்று இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஆகவே எல்லாம் ஒருமுகமாக நின்றால் ஐந்தும் ஐந்தும் நான்குமாகப் பதினான்கு எலெக்ட்ரான்களின் பலம் தேறவேண்டும். அளந்து பார்த்தால் கிடைப்பதோ நான்கைச் சற்றே தாண்டிய தொகை. மீதிப் பத்து எங்கே போயிற்று?

இந்தக் கணக்கை நேர்செய்தவர் லூயி நேயெல் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. காந்தக் கல்லின் ஸ்படிக அமைப்பை எக்ஸ் கதிர்களைக் கொண்டு பிராக் என்பவரும் ஜப்பானியரான நிஷிகாவாவும் தனித்தனியே 1915-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்திருந்தனர். அதன்படி இரும்பணுக்களுக்கு இருவகை இருப்பிடங்கள் உண்டு: நான்கு பிராணவாயு அணுக்கள் சூழ்ந்த சிற்றிடம் ஒன்று, ஆறு சூழ்ந்த பேரிடம் மற்றொன்று. மூன்று எலெக்ட்ரான்களை இழந்த அணுக்களில் ஒன்று சிற்றிடத்திலும், ஏனைய இரு அணுக்களும் பேரிடங்களிலும் அமர்கின்றன. சிற்றிடத்தாரும் பேரிடத்தாரும் ஒருவருக்கொருவர் நேர் எதிர்முகமாக நிற்பார்கள் என்று 1948-இல் நேயெல் கூறினார். ஒரு பக்கம் 5, மறுபக்கம் ஐந்தும் நான்கும் சேர்ந்து 9. கழித்தால் மிஞ்சுவது 4. மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஷல் என்பவரும் அவருடைய சகாக்களும், மின்னேற்றமில்லாததாயினும் தன்னளவில் காந்தமுடைய நியூட்ரான் துகள்களை ஸ்படிகத்தின்மீது செலுத்தி, இந்த எதிர்முக ஒழுங்கை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டினார்கள். நாம் வியந்து போற்றும் காந்தக் கல்லின் கவர்ச்சி, இரண்டு படைகள் ஏறக்குறைய ஒன்றையொன்று அழித்துக்கொண்டபின் எஞ்சிய சொற்ப மிச்சமேயன்றி வேறன்று!

இந்த எதிர்முகத்துக்குக் காரணம், காந்தமே இல்லாத பிராணவாயுதான். இரும்பணுக்கள் ஒன்றையொன்று நேரே தொடுவதில்லை; நடுவில் பிராணவாயு இருக்கிறது. அதனிடம் ஜோடியாக உள்ள இரண்டு எலெக்ட்ரான்களில் ஒன்று இடப்புற இரும்பின் பக்கமும், எதிர்முகமான மற்றொன்று வலப்புற இரும்பின் பக்கமும் சற்றே சாய்கின்றன. ஒரே திசையில் நிற்கும் இரு எலெக்ட்ரான்கள் ஒரே இருக்கையில் இருத்தல் ஆகாது என்பது இயற்கையின் விதி. ஆதலின் இருபுற இரும்பும் எதிரெதிராக நின்றால்தான் இரண்டு சாய்வும் ஒருங்கே நடைபெறும். 1934-இல் கிராமர்ஸ் தொடங்கிவைத்த இந்தக் கருத்தைப் பின்னர் ஆண்டர்சன் விரித்துரைத்தார். இதன் உண்மைக்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை, துத்தநாகம் ஒன்றே போதும். காந்த சக்தி அறவே இல்லாத துத்தநாகத்தைக் காந்தக் கல்லின் இனத்துப் பொருளோடு சிறிது கலந்தால், காந்தம் குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது! துத்தநாகம் சிற்றிடங்களையே விரும்பிச் சென்று அமர்ந்து, சிறுபான்மைப் படையின் பலத்தைக் குறைத்துவிடுவதால் மிச்சம் பெருகுகிறது. அளவு மீறினாலோ எதிர்ப்பே இல்லாமற்போய், ஒழுங்கும் குலைந்துவிடுகிறது. ஹாலந்து நாட்டு ஃபிலிப்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்னூக் என்பவரும் அவரைச் சார்ந்தோரும் உருவாக்கிய ஃபெர்ரைட் பொருள்கள் இவ்வினத்தவையே. பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோவைப் பிரித்தவர்கள், செம்புக் கம்பி சுற்றிய கரிய கோல் ஒன்றை உள்ளே பார்த்திருப்பார்கள், அது ஃபெர்ரைட்.

மின்சார விஷயம் இதைவிடச் சிக்கலானது. இரண்டு இழந்த இரும்பும் மூன்று இழந்த இரும்பும் பேரிடங்களில் அக்கம்பக்கமாக இருப்பதால், முன்னதிலிருந்து பின்னதற்கு ஓர் எலெக்ட்ரான் தாவுவது எளிது. காந்தக் கல் மின்சாரத்தைக் கடத்துவது இதனால்தான். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 150 டிகிரி சென்டிகிரேட் வரை குளிர்வித்தால், கடத்தும் திறன் திடீரென்று ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகச் சரிந்துவிடுகிறது. தாவிக்கொண்டிருந்த எலெக்ட்ரான்கள் வரிசையாக உறைந்துவிடுகின்றன என்று 1939-இல் வெர்வே விளக்கினார். அந்த வரிசை எத்தகையது என்பது பல்லாண்டுகள் தகராறாகவே நீடித்தது. கடைசியில் 2012-இல், நேயெல் தம் ஆராய்ச்சிக்கூடத்தை வளர்த்த அதே கிரெனோபில் நகரில் உள்ள எக்ஸ் கதிர் நிலையத்தில், மிகச் சிறிய ஸ்படிகத் துணுக்கொன்றை ஆராய்ந்த எடின்பரோ விஞ்ஞானிகள், எலெக்ட்ரான் ஒரே அணுவில் அடங்கிவிடாமல், நேர்கோட்டில் நிற்கும் மூன்று இரும்பணுக்களின்மேல் பரவி நிற்கிறது என்று காட்டினார்கள். வெர்வே சொன்ன வரிசை அன்று அது. ஆயினும் உறைதல் என்ற அவருடைய மூலக்கருத்து பொய்க்கவில்லை.

வெர்வேயும் அவருடைய சகாவான டி போயரும் 1937-இல் எழுப்பிய மற்றொரு கேள்வி, பௌதிக சாஸ்திரத்தையே சற்று அசைத்தது. நிக்கலும் பிராணவாயுவும் சரிபாதியாகச் சேர்ந்த நிக்கல் ஆக்ஸைடில் எலெக்ட்ரான் அடுக்கு அரைகுறையாகவே நிரம்பியிருக்கிறது. அந்நாளில் நிலவிய கொள்கைப்படி அத்தகைய பொருள் உலோகத்தைப் போல் மின்சாரம் கடத்தவேண்டும். உண்மையிலோ அது பச்சை நிறமான, அசல் மின்காப்புப் பொருள். எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையைக் கொள்கை கணக்கில் எடுக்காததே குறை என்று பயெர்ல்ஸ் சுட்டிக்காட்ட, மாட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதை வளர்த்தெடுத்தார். இலைக்கு ஒருவராக அமர்ந்துவிட்ட பந்தியில் ஒருவர் இடம் மாறவேண்டுமென்றால், மற்றொருவருடைய இலைக்கு முன்னே நெருக்கிக்கொண்டு உட்கார நேரும். அந்த நெருக்கடிக்கு எவரும் துணியாததால் வரிசை அசையாது. ஓர் இலை காலியானாலோ, அண்டையில் இருப்பவர் அதற்கு நகர, அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் நகர, வரிசை முழுவதுமே இயக்கம் கொள்ளலாம். பச்சை நிக்கல் ஆக்ஸைடோடு சிறிது லித்தியத்தைச் சேர்த்துக் காற்றில் சுட்டால் நிகழ்வது இதுதான். லித்தியம் ஓர் எலெக்ட்ரானை மட்டுமே ஈயுமாதலால், குறைகிற ஒன்றை ஸ்படிகம் தானே ஈடுசெய்யவேண்டியிருக்கிறது. இலைகள் காலியாகின்றன, பொடி கறுத்துப்போகிறது, மின்சாரமும் ஓடத் தொடங்குகிறது.

வனேடியம் டை ஆக்ஸைடு 68 டிகிரியில் சட்டென்று உலோக குணம் எய்துவதும், 1986-இல் பெட்நார்ஸும் மியூல்லரும் செம்பு ஆக்ஸைடு இனமொன்றில் மின்தடையே அற்ற நிலையைக் கண்டதும் இக்குடும்பத்துக் கதைகள்தான். அவற்றை விரித்தால் இக்கட்டுரை முடிவு பெறாது. ஜான் குடினஃப் ஒருவரைச் சொல்லாமல் விடுவது மட்டும் நியாயமாகாது. 1950-களில் அமெரிக்காவின் லிங்கன் ஆராய்ச்சிக்கூடத்தில், கம்ப்யூட்டரின் நினைவுக்காகச் சிறு ஃபெர்ரைட் வளையங்களை ஆக்கும் பணியில் ஈடுபட்டிருந்த இவர், நடுவிலுள்ள பிராணவாயு எந்தக் கோணத்தில் நின்றால் இருபுற உலோகங்களும் எதிர்முகமாகும், எந்தக் கோணத்தில் ஒருமுகமாகும் என்பதற்கு விதிகள் வகுத்தார். பின்னர் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்து, 1980-இல் லித்தியம் கோபால்ட் ஆக்ஸைடை மின்கலத்துக்கு உரிய பொருளாகத் தம் சகாக்களோடு வெளியிட்டார்; 2019-இல், தமது 97-ஆம் வயதில், அதற்காக நோபல் பரிசும் பெற்றார். செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும்போது இந்த ஆக்ஸைடின் அடுக்குகளிலிருந்து லித்தியம் வெளியேறுகிறது. வெளியேறும் ஒவ்வொன்றுக்கும் ஈடாக, கணக்களவில் ஒரு கோபால்ட் அணு தன் நான்காவது எலெக்ட்ரானை விடுகிறது. போனைப் பயன்படுத்துகையில் லித்தியம் உள்வழியாகவும், எலெக்ட்ரான் வெளிச் சுற்றின் வழியாகவும் திரும்பி வந்து பழைய இடத்தில் சேர்கின்றன.