சென்னையும் யாழ்ப்பாணமும்: தூரமும் நேரமும்

இரண்டு ஊர்களுக்கு இடையேயுள்ள வான்வழித் தூரத்தை அறிய விமானக் கம்பெனியைக் கேட்க வேண்டுவதில்லை. சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் பொறுத்தமட்டில் பள்ளிச் சிறுவனின் தேசப்படமே போதும். இரண்டும் கிழக்கே ஏறக்குறைய 80 பாகையில், ஒன்றுக்கு நேர் தெற்கே மற்றொன்றாக அமைந்திருக்கின்றன. மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கே 13 பாகையிலும், யாழ்ப்பாணத்துப் பலாலி நிலையம் 9 பாகை 48 கலையிலும் உள்ளன. வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. வடக்குத் தெற்காகச் செல்லும்போது ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பது மாலுமிகளின் கணக்கு. 192 கடல் மைல்களைக் கிலோமீட்டராக்கிப் பார்த்தேன். சுமார் 355 வந்தது. சென்னையிலிருந்து திருச்சிக்குச் சாலைவழியே செல்லும் தூரத்தைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான்.

இத்தடத்தில் பறக்கும் சிறிய புரொப்பெல்லர் விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் செல்ல வல்லது. வகுத்துப் பார்த்தால் 43 நிமிஷம் ஆகிறது. ஆனால் அட்டவணையிலோ ஒன்றேகால் மணி முதல் ஒன்றரை மணி வரை காட்டுகிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விமானம் நின்ற இடத்தைவிட்டு நகர்வதிலிருந்து, மறுமுனையில் வந்து நிற்பதுவரை கணக்கில் சேர்கிறது. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லவேண்டும். தன் முறைக்குக் காத்திருக்கவேண்டும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. காற்றை எதிர்த்து இறங்கும்பொருட்டுச் சில சமயம் சுற்றி வரவும் நேரும். இந்த அரைமணிச் செலவு நெடுந்தூரப் பயணத்தில் மறைந்துவிடுகிறது; குறுந்தூரத்தில் கண்ணை உறுத்துகிறது. கடிகாரக் குழப்பமேனும் இப்போது இல்லை. 1996 முதல் 2006 வரை இலங்கை தன் நேரத்தை முன்தள்ளி வைத்திருந்தது. இன்று இரு நாட்டு நேரமும் ஒன்றே.

ஆனால் என்னைக் கேட்டால், இந்த 355 கிலோமீட்டரைப் பல்லாண்டுகள் நீட்டி வைத்தது விமானத்தின் வேகக் குறைவன்று. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கித்தான் சென்னைக்கு வந்தது. அந்தக் காங்கேசன்துறை நிலையமே பலாலி. உள்நாட்டுப் போர்க்காலத்தில் அது படைத்தளமாயிற்று. சென்னைக்கு நேர் விமானம் இல்லாது போயிற்று.

அதன்பின் சென்னையில் தாய் இறந்த செய்தி கேட்டு யாழ்ப்பாணத்து மகன் புறப்பட்டால், வடக்கே போகவேண்டியவன் முதலில் தெற்கே போகவேண்டும். கொழும்புக்குத் தரைவழி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாண வானத்தையொட்டியே மீண்டும் வடக்கே 645 கிலோமீட்டர். ஆக, ஆயிரம் கிலோமீட்டருக்குமேல்! அந்தத் தரைவழியும் எப்போதும் திறந்திருக்கவில்லை. 1990இல் நின்ற யாழ்ப்பாண ரயில் 2014இல்தான் திரும்ப வந்தது. பாதை திறந்திருந்த காலத்திலும் ஓர் இரவு பஸ், விமான நிலையத்தில் மூன்று மணி நேரக் காத்திருப்பு, அதன்பிறகே விமானம். பல வேளைகளில் ஈமக்கிரியை முடிந்த பின்னரே மகன் வந்து சேர்ந்திருப்பான்.

2019 அக்டோபர் 17ஆம் நாள் பலாலி, சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கிற்று. நான்கே மாதத்தில் கொரோனா வந்து அதை நிறுத்தியது. பின்னர் கொழும்பில் விமானங்கள் ஓடத் தொடங்கியும், யாழ்ப்பாணத்தார் பழையபடி தெற்கே போய்த்தான் சென்னைக்கு வரவேண்டியிருந்தது. 2022 டிசம்பர் 12ஆம் நாள் நேர் விமானம் மீண்டும் பலாலியில் இறங்கியது.